எழுந்து போனவர்களின் தட்டு

போன வருஷம் நடந்த டின்னர் டான்சுக்காகத் தஞ்சாவூர் கிளப் ஒன்று சமையல்கார நீலாம்பாளுக்கு இருபத்தெட்டாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தது.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். நாற்று நட்ட கையால் கரண்டி பிடித்து, முந்நூறு கல்யாணத்துக்கு மேல் பந்தி பார்த்தவள். அவள் பந்தியில் எவனும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை. சும்மா சொல்லவில்லை, அவள் ஊரான பாபநாசத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: ஆளுக்கு ஓர் இலை. உட்கார்ந்தவன் கைகழுவத்தான் எழுவான்.

டின்னர் டான்சில் அந்தக் கணக்கு செல்லவில்லை. வந்தது அறுபது ஜோடி. பாதிச் சாப்பாட்டில் பாட்டு மாறும். தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆடப் போவார்கள். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி, புதுத் தட்டு எடுப்பார்கள். நூற்றிருபது தட்டு இருநூற்றுப் பதினாலு ஆயிற்று, தட்டுக்கு முந்நூறு ரூபாய்.

"நிறுத்தாதீங்கம்மா, போடுங்க. கணக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கிளப் செயலாளர் ஹரிசங்கர். கடனுக்குக் கறி வாங்கி மறுபடி உலை வைத்தாள். கடைசியில் அவர் வந்தவர்களின் தலையை எண்ணி, நூற்றிருபது தட்டுக்குத்தான் பணம் கொடுத்தார். பரிமாறிய ஆறு பெண்களின் கூலி நின்று போயிற்று.

இந்த வருஷமும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கைப்பக்குவம் வேறு யாருக்கு வரும்? "பழைய பாக்கியையும் அன்னைக்கே வாங்கிக்குங்க" என்றிருந்தார் ஹரிசங்கர். வந்து கேட்டால், மனைவி மாளவிகாவோடு ஆடியபடியே, அப்புறம் என்று கையசைத்தார்.

நீலாம்பாள் பிரியாணி அண்டாவைத் திறக்கவில்லை.

வரிசையில் முதல் ஆள் குஞ்சிதபாதம், ரிட்டயரான வாத்தியார். "சர்க்கரை மாத்திரை போட்டுட்டேன்ம்மா. ஒரு கரண்டி வையேன்."

அவள் கை தானாக மூடிக்குப் போயிற்று. கூலி கிடைக்காத ஆறு பேரில் ஒருத்தியான செந்தாமரை முணுமுணுத்தாள்: "அக்கா, தொறந்தா பணம் போச்சு."

கை திரும்பி வந்தது. வாத்தியாரை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

பாட்டு நின்றது. "என்னங்க, எல்லாரும் சோத்துக்கு நிக்கிறாங்க. குடுத்துத் தொலைங்களேன்" என்றாள் மாளவிகா.

ஹரிசங்கர் டிக்கெட் வசூல் பெட்டியோடு வந்தார். "நாலு பேருக்கு முன்னாடி மானத்த வாங்கிட்டேல்ல? இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

"மிதிச்ச வரைக்கும் போதும் சார். எண்ணுங்க."

எண்ணினார். பாதி எண்ணுவதற்குள் வாத்தியார் வெறும் தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். பணத்துக்கு நீட்டிய கையோடு நீலாம்பாள் அவர் முதுகைப் பார்த்து நின்றாள். கடைசி இருநூறு ரூபாயும் அவள் உள்ளங்கையில் விழுந்தது.