தாழ்ப்பாள்மேல் போன கை

என் மனைவியை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டவன் நான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தெரிந்துதான் போட்டேன்.

என் முகத்தில் காறித் துப்பத் தோன்றுகிறதா? துப்புங்கள். முழுவதும் படித்துவிட்டுத் துப்புங்கள். மனநல ஆலோசகரிடம் போகலாமா வேண்டாமா என்று உங்களில் யாரோ ஒருவர் கையைப் பிசைந்துகொண்டிருக்கலாம். அங்கே என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை... நான் சொல்கிறேன்.

போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம். வீடு போடியில். அன்று ஒரு லோடு காய் காந்திப்போய் நிறம் செத்துவிட்டது. குடித்துவிட்டு அடுப்பைக் கவனிக்காமல் தூங்கியது நான். கூலிக்கு வந்த பெண்கள் முன்னாலேயே முருகேஸ்வரி அதைச் சொல்லிவிட்டாள். உண்மையைத்தான் சொன்னாள்! அதுதானே பொறுக்கவில்லை. பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் முடியைப் பிடித்து இழுத்துப்போய் உள்ளே தள்ளினேன்.

சூடேறிக் கிடந்த இரும்புக் கதவை அவள் தட்டினாள், அறைந்தாள். நான் வெளியே நின்று பீடி பற்றவைத்தேன். சாகட்டும் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேனா? ஆம், நினைத்தேன்! தட்டுவது நின்ற பிறகுதான் பயம் வந்தது. அந்தப் பயம் அவளுக்காக வந்ததா, எனக்காக வந்ததா... இன்றுவரை தெரியவில்லை.

திறந்தபோது வாசலருகே சுருண்டு கிடந்தாள். உள்ளங்கை இரண்டும் வெந்து கொப்பளித்திருந்தன. ஸ்டோருக்குள் ஓடும் சூட்டுக்குழாயைத் தெரியாமல் பிடித்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் அவளே சொன்னாள். அங்கிருந்து நேராக அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவனிடமும் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் என்னை வெட்டிப் போட்டிருப்பான்.

கூட்டிவரப் போனேன். கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

“இந்தக் கோவத்துக்குன்னு கவுன்சிலிங் பண்றாங்களாம்ல, அங்க போங்க. என்னைய உள்ள தள்ளிக் கதவச் சாத்துனத உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, நான் வர்றேன்.”

போனேன். ஊசி போடுவார்கள், மாத்திரை தருவார்கள், பஞ்சாயத்தில் நிறுத்தி வைத்ததுபோல் திட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். எதுவும் இல்லை. சின்ன அறை, இரண்டு நாற்காலி, குடிக்கத் தண்ணீர். ஆலோசகராக இருந்த பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். முதலிலேயே ஒன்றைச் சொன்னாள்.

“நீங்க பேசுறது இந்த ரூமத் தாண்டாது சார். உங்க உயிருக்கோ வேற யாரு உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும், உங்ககிட்டச் சொல்லிட்டு மத்தவங்ககிட்டப் பேச வேண்டி வரும்.”

அவ்வளவுதான், எதைச் சொல்லக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

தூக்கம் வருகிறதா, குடி உண்டா, சின்ன வயதில் யாராவது அடித்தார்களா என்று மெதுவாகக் கேட்டாள். சொல்ல முடியாததை இன்னொரு நாள் சொல்லலாம் என்றாள். தப்பு யார்மேல் என்று அவள் சொல்லவே இல்லை. அந்தப் பொறுமையைக் கண்டு எனக்கு ஆத்திரம்! தண்ணீர் டம்ளரைச் சுவரில் அடித்து நொறுக்கக் கை துடித்தது. அதைக்கூட அவளிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளாமல், அந்தத் துடிப்பு உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று கேட்டாள்.

காயை ஏலம் விட வியாபாரிகளுக்குச் சாம்பிள் அனுப்பும்போது நான் என்ன செய்வேன் தெரியுமா? பருத்த பச்சைக் காயாகப் பார்த்துப் பொறுக்கி வைப்பேன். வெடித்ததும் வெளுத்ததும் மூட்டையிலேயே கிடக்கும். அந்த அறையிலும் அதையே செய்தேன். குடியைச் சொன்னேன். அப்பா பெல்ட்டால் விளாசியதைச் சொல்லி அழுதேன், நிஜமாகவே அழுதேன். மனைவியை ஒரு தடவை கன்னத்தில் அறைந்துவிட்டதாகச் சொன்னேன். கதவை மட்டும் மூட்டையிலேயே விட்டுவிட்டேன்.

மூட்டையை வியாபாரி பிரித்துப் பார்ப்பான். இவள் எப்படிப் பார்ப்பாள்? நான் காட்டியதற்குத்தானே வைத்தியம் சொல்வாள்! கோபம் தலைக்கேறினால் அந்த இடத்தைவிட்டு வெளியே வந்து நிற்கச் சொன்னாள். ஐயோ... நான் வெளியேதானே நின்றேன்!

“கதவச் சொன்னீங்களா?” என்று முருகேஸ்வரி கேட்டாள்.

“சொல்லிட்டேன்.”

துணிமணியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வந்துவிட்டாள். நான் சொல்லிவிட்டேன் என்று நம்பித்தான் மறுபடி ஸ்டோருக்குள்ளும் போகிறாள். வடுப்பட்ட கையால் தட்டுகளில் காயைப் புரட்டிவிடுகிறாள், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நீங்கள் போனால் மூட்டையோடு போங்கள். சொல்லக் கூடாது என்று எதை வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போகிறீர்களோ, அதைச் சொல்லத்தான் அந்த நாற்காலி. அது தெரிந்தும் வாரம் தவறாமல் போய் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட்டு வருகிறேன் நான்!

போன வாரம், விறகைச் சரியாகத் தள்ளவில்லை என்று உள்ளே இருந்தபடியே ஏதோ சொன்னாள். சாதாரணப் பேச்சுத்தான். என் கை தாழ்ப்பாள்மேல் இருந்தது. எப்போது போனது? யார் அனுப்பியது? இரும்பு சுட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். “என்னங்க?”

“ஒண்ணுமில்ல.”

மறுநாள் ஆலோசகர் இந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்டாள். நல்லபடியாகப் போனது என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள்.

நாளை தோட்டத்தில் காய் உலர்த்த வேண்டும். முருகேஸ்வரிதான் முதலில் உள்ளே போவாள்.