மத்தியானத் தண்ணீர்

மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் நானும், பின்புறக் கொட்டிலில் அவளுடைய பசுவும்தான் மிஞ்சினோம்.

எனக்குப் பதுளையில் ஒரு பேக்கரியில் வேலை. விடியும்போது பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் திரும்புவேன். வீட்டில் பேச ஆளில்லை. அன்று நடந்ததையெல்லாம் பால் கறந்துகொண்டே பசுவிடம் சொல்வேன்.

அந்த வெயில் காலத்தில் புல் காய்ந்துவிட்டது. வைக்கோல் வாங்கிப் போட்டேன். பால் குறைந்தது. புண்ணாக்கைக் கூட்டினேன், இன்னும் குறைந்தது. ஒருநாள் வைத்த தீனி அப்படியே கிடந்தது. நான் கூப்பிட்டும் பசு திரும்பவில்லை. பயந்துபோய் குவைத்திலிருந்த மனைவிக்கு போன் எடுத்தேன்.

“சாணி எப்படிப் போடுது?” என்றாள்.

“உருண்டை உருண்டையா, இறுக்கமா.”

“தண்ணி எத்தன தடவ காட்டுறீங்க?”

“காலையில ஒரு வாளி. வந்து ஒரு வாளி.”



“ஏங்க, பச்சப்புல்லுன்னா அதுலயே தண்ணி இருக்கு. காஞ்சதத் தின்னா இன்னும் நெறய குடிக்கணும்ல? மத்தியானம் யாரு காட்டுறா?”

“மத்தியானமுமா?”

“நான் மலையில பறிச்ச கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு ஓடியாந்து காட்டிட்டுத்தானே சாப்பிடுவேன்.”

இத்தனை வருடமும் எனக்கு அது தெரியாது. அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பழைய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்துக் கொட்டிலில் வைத்தேன். தண்ணீர் பிடிக்கும் பீலி பள்ளத்தில் இருக்கிறது. இரண்டு வாளியோடு ஏறி வரும்போது மூச்சு வாங்கியது. முதல் வாளியைப் பசு தலை தூக்காமல் குடித்தது. இரண்டாவதையும் குடித்தது. திரும்பவும் இறங்கினேன். அங்கே சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்த கொழுந்துப் பெண்களில் ஒருத்தி எனக்கு வழிவிட்டு, “அக்கா எப்ப வாறாங்க?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா,” என்றேன்.

நாலைந்து நாளில் பால் ஏறத் தொடங்கியது. இப்போது பீப்பாயை நிரப்பி வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுகிறேன். நல்ல சேதி சொல்ல அவளை அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே அழைத்தாள். பசுவைப் பற்றி எல்லாம் கேட்டு முடித்தாள்.

“அங்க நீ மத்தியானம் எத்தன மணிக்குச் சாப்பிடுற?” என்று கேட்டேன்.

“இதென்ன புதுசா?” என்று சிரித்தாள். பிறகு, “அவங்க எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவுன பொறகு,” என்றாள்.

 அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.