மகனின் முழங்கையும் என் மானமும்

பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் இளைய மகன் தொண்டைமானாற்று வீதியில் மோட்டார் சைக்கிளின் முன்சில்லைத் தூக்கி ஓடப் பழகுகையில், பின்புறமாகச் சரிந்து விழுந்து வலது முழங்கையை முறித்துக்கொண்டான். அப்போது அவனுக்கு வயது இருபது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றால் வீதி விபத்தென்று பொலிஸில் பதிவாகும். அதிபரின் மகன் வீதியில் வித்தை காட்டி விழுந்தான் என்று ஊர் கதைக்கும். அதற்கு அஞ்சி அவனை, முறிந்த எலும்புக்குப் பத்துப்போட்டுக் கட்டும் ஒட்டு வைத்தியரிடம் கூட்டிச்சென்று, கிணற்றடியில் வழுக்கி விழுந்தான் என்றேன்.

அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். "ஐயா, உது கிணற்றடியிலை விழுந்த முறிவில்லை. எனக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"நீங்கள் கட்டிவிடுங்கோ. பொறுப்பு நான்."

அவர் மகனைப் பார்த்தார். அவன் வலியை விழுங்கிக்கொண்டு, "ஓம், கிணற்றடிதான்" என்றான். என் மானத்தைக் காக்க அவனும் பொய் சொன்னான்.

கட்டு அவிழ்த்தபோது முழங்கை மடங்கவில்லை. பின்னர் செய்த சத்திரசிகிச்சையாலும் பெரிதாகப் பயனில்லை. உடனே வந்திருந்தால் சரிப்படுத்தியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

இன்று அந்தக் கை அவன் வாய்க்கு எட்டாது. அண்மையில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் உறவினர் ஒருவர், "என்ன தம்பி, இடக்கையாலை சாப்பிட எங்கை பழகினனி?" என்று சிரித்தார். மகன் தலையைக் குனிந்தான்.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும், அவனை முந்திக்கொண்டு நானே சொல்லிவிடுகிறேன்: "மோட்டார் சைக்கிளாலை விழுந்தவன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்டது நான்."