இடப்பக்கம் ஒடித்தால் அணையும் வண்டி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வர எனக்கு இருபது வருடமாக ஒரே பைக்தான். சென்ற வருடம் அதற்கு ஒரு வியாதி வந்தது. நெடுஞ்சாலையில் சமர்த்தாக ஓடும். கூட்டேரிப்பட்டு டீக்கடை முன்னால் ஒடித்து நிறுத்தப் போனால் பொசுக்கென்று அணைந்துவிடும். பார்த்தால் ஃப்யூஸ் போயிருக்கும். என் வண்டியில் ஃப்யூஸ் போனால் விளக்கு, ஹாரனோடு இஞ்சினும் படுத்துவிடும். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, நான்கு ஃப்யூஸ் எப்போதும் இருந்தது.

மெக்கானிக் பேட்டரியை மாற்றினார், சாவி சுவிட்சை மாற்றினார், கடைசியில் கையை விரித்தார். "வயரிங்கே போச்சி சார். இத்த வெச்சிக்கினு பேஜாரு படாதீங்க, தள்ளி வுட்ருங்க." என்னை யாரோ வைததுபோல் சுருக்கென்றது. அதன்பிறகு அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

வீட்டிலும் அதே பேச்சு. விக்கிரவாண்டி டோல்கேட் அருகே மணலில் சறுக்கி நான் விழுந்ததிலிருந்தே என் மனைவிக்கு அந்த வண்டியைக் கண்டால் ஆகாது. கையில் கட்டோடு வந்து நின்றவனிடம் வலிக்கிறதா என்றுகூட அவள் கேட்கவில்லை. "இத்த வித்துடுங்க" என்பதுதான் முதல் வார்த்தை. அந்த வருத்தம் எனக்குள் கிடந்தது. இப்போது வாங்குவதற்கு ஆளே பிடித்துவிட்டாள். ஞாயிறு சாயங்காலம் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

"அதுக்குள்ள நீங்க சரி பண்ணிட்டா வெச்சிக்குங்க" என்று ஒரு சலுகையும் கொடுத்தாள். என்னால் ஆகாது என்ற தைரியம்தான்.

ஞாயிறு காலை வாசலில் வண்டியை நிறுத்தி, ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இணைத்தேன். கரண்ட் வழி தவறி வண்டியின் இரும்பில் இறங்கினால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். சாவியைப் போட்டு, சீட்டுக்கு அடியில், டேங்குக்கு அடியில் என்று ஒவ்வொரு வயராக ஆட்டிப் பார்த்தேன். பல்பு அசைந்து கொடுக்கவில்லை. மதியச் சோறு ஆறிப்போயிற்று. வெறுத்துப்போய், வண்டியை நிழலுக்குத் தள்ளலாமென்று ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுசாக ஒடித்தேன். பல்பு எரிந்தது. நேராக்கினேன், அணைந்தது. மறுபடி ஒடித்தேன், எரிந்தது. டீக்கடையிலும் ஆபீஸ் வாசலிலும் நான் இடப்பக்கம் ஒடித்துத்தானே நிறுத்துகிறேன்! வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன்.

ஹெட்லைட்டைக் கழற்றினால், பின்னால் வயர்க்கட்டைச் சுற்றி மெல்லிய இரும்புக் கம்பிகள். திருஷ்டிக்காக அமாவாசை தோறும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டுகிற கம்பி. பழம் தொங்குவதைத் தினமும் பார்த்தவன்தான். யார் கட்டுகிறார்கள், எப்போதிருந்து என்று யோசித்ததில்லை. வேறு யார், என் மனைவிதான். காய்ந்த பழத்தை எடுத்துப் போட்டுவிட்டு, பழைய கம்பியின் மேலேயே புதிதை முறுக்கியிருக்கிறாள். ஹேண்டில் திரும்பித் திரும்பிக் கம்பி வயரின் தோலை அறுத்துவிட்டது. கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக வெட்டி எண்ணினேன். பதினொன்று. நான் விழுந்து பதினோரு மாதம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலிக்கிறதா என்று கேட்காதவள் என்று எத்தனை நாள் அவளைத் திட்டியிருக்கிறேன், மனசுக்குள். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அறுந்த இடத்தில் டேப் சுற்றி, புது ஃப்யூஸ் போட்டு, ஸ்டார்ட் செய்தேன். சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். இடமும் வலமும் ஒடித்துக் காட்டினேன். இஞ்சின் நிற்கவில்லை.

"இன்னாங்க கோளாறு?"

வயர் பழசு என்று சொல்லிவிடலாமென்று வாய் வரை வந்தது. ஆனால் கம்பிகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவளுக்குப் புரிந்ததும் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ நானா ஒங்கள இத்தினி நாளா நடுரோட்ல நிக்க வெச்சிக்கினு இருந்தேன்?"

"நின்னேன்தான்" என்றேன். "மறுபடி வுழலியே."

 அவள் உள்ளே போய் போனை எடுத்து, வாங்க வருகிறவரிடம், "வர வேணாங்க, வண்டிய நாங்களே வெச்சிக்கறோம்" என்றாள்.