முன்னால் போக ஒரே கியர்

தோலின் ஓரத்தை மெலிதாக இழைக்கும் பழைய மிஷின் ஒன்று வாங்கத்தான் அன்று ராணிப்பேட்டை பக்கம் போனேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். புது மாடலுக்குத் தோலை எப்படி வெட்டுவது, எங்கே மடிப்பது, எங்கே தைப்பது என்று அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பது என் வேலை. வீட்டிலும் சின்னதாக ஒரு பட்டறை வைக்கலாம் என்று தோன்றியது. மூடிக்கிடந்த ஒரு தோல் கம்பெனியில் மிஷின்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

பழைய முதலாளியின் பேரன்தான் சுற்றிக் காட்டினார். நான் தேடி வந்த மிஷின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. திரும்பலாம் என்று நினைத்தபோது, தோல் ஊறப்போடும் மர டிரம்களுக்குப் பின்னால் சாக்கு மூடிய ஏதோ ஒன்று கிடந்தது. சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். தகரத்தைக் கையாலேயே தட்டி வளைத்த ஒரு சின்னக் கார்.

“இது இன்னா கார் தம்பி?”

“கார்னுதான் சொன்னாங்க மேடம்,” என்றார் அவர். “இங்க வேலை செஞ்ச மெயின்டனன்ஸ் இன்ஜினியர் ஒருத்தர் அவரே செஞ்சதாம். எங்க தாத்தா இடம் குடுத்தாராம். ஒண்ணே ஒண்ணுதான். சாம்பிள்.”

ரேடியேட்டர் இல்லாத கார் என்பதையும் அவர்தான் சொன்னார். இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரெல்லாம் உப்பு. லாரிகளின் ரேடியேட்டரில் உப்புப் படிந்து மாதத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொள்ளுமாம். அதைக் கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்து அலுத்துப்போன அந்த இன்ஜினியர், தண்ணீரே கேட்காத, காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும் ஒரு வண்டி செய்தால் என்ன என்று கிளம்பியிருக்கிறார். செய்து முடித்த சில மாதத்தில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டார்.

“அடுத்த வாரம் இரும்புக் கடைக்குப் போய்டும்,” என்றார் பேரன்.

நான் ஏன் அதை வாங்கினேன் என்று என் கணவர் இன்றுவரை கேட்கிறார். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். கார் மேல் ஆசை எல்லாம் கிடையாது. சாம்பிள் என்ற சொல்லைக் கேட்டதும் மனசு எங்கேயோ போனது என்று நினைக்கிறேன். சாம்பிளை இரும்புக் கடைக்குப் போடுவது எங்கள் செக்‌ஷனில் நடக்காத காரியம். ஆனால் அதுதான் காரணமா என்றால், சத்தியம் செய்ய மாட்டேன். மிஷின் வாங்கப் போனவள் லாரியில் ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒரு பாய். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். என் ஸ்கூட்டரை அவர்தான் பார்ப்பார். காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். முன்பக்க மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

“இன்னாக்கா, எஞ்சினையே காணோம்?”

“பின்னால இருக்குதாம் பாய்.”

பின்னால் திறந்தார். இரண்டு சிலிண்டர்கள் ஆளுக்கொரு பக்கம் படுத்துக் கிடந்தன. மேலே ஒரு தகரக் கூண்டு, அதற்குள் ஒரு மின்விசிறி. விசிறியைச் சுற்றும் பெல்ட்டை எலி கடித்திருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். எருமைத் தோல். தோல் கம்பெனியில் செய்த கார், பெல்ட்டும் தோலாகவே இருந்தது.

பாய் வேலையை எடுத்துக்கொண்டார். ஞாயிறு தவறாமல் நானும் போவேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள். ஒருவர் ஜெர்மனி வண்டி என்றார். இன்னொருவர் பிரான்ஸ் வண்டி என்றார். மூன்றாவது ஆள் இது காரே இல்லை, பம்புசெட்டைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி என்று அடித்துச் சொன்னார். எந்தப் பாகத்துக்கும் கடையில் மாற்று கிடைக்கவில்லை. பாய் ஒவ்வொன்றையும் கழற்றித் தேய்த்து, தேய்ந்ததை லேத்தில் கொடுத்துப் புதிதாகக் கடைந்து வாங்கினார். விசிறி பெல்ட்டையும் சீட் உறைகளையும் நான் பார்த்துக்கொண்டேன். பின் சீட்டு வாங்கும்போதே கழன்று உள்ளே கிடந்தது. உறைகளின் தையலைப் பார்த்ததும் ஷூ தைக்கும் மிஷினில் தைத்தது என்று தெரிந்துவிட்டது. ஓரம் மடித்திருந்த விதம்கூட எங்கள் வழிதான். அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் எனக்குக் குழப்பம் இல்லாமல் இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிறு காலை எஞ்சின் கிளம்பியது. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். பாய் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் கணவரும் அன்று வந்திருந்தார். அவருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை. எதையும் தள்ளி நின்றுதான் பார்ப்பார். பாய் ஏறி உட்கார்ந்து ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்சை விட்டார்.

கார் பின்னால் போனது. அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் இடித்து நின்றது.

“ரிவர்ஸ் விழுந்துச்சு போல,” என்றார் பாய். மறுபடி ஃபர்ஸ்ட். மறுபடி பின்னால். செகண்ட் போட்டார், இன்னும் வேகமாகப் பின்னால் வந்தது. கடைசியில் ரிவர்ஸ் போட்டார். கார் மெதுவாக, ஒழுங்காக, முன்னால் போனது.

என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பின்னால போக நாலு கியர், முன்னால போக ஒண்ணு!”

பாய் சிரிக்கவில்லை. இறங்கி, கதவைச் சாத்தாமல், காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் புரியும்படி பிறகு சொன்னார். பின்சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம் ஒன்று உண்டு, கிரவுன் வீல் என்பார்கள். அதை ஒரு பக்கம் மாட்டினால் வண்டி முன்னால் போகும். மறுபக்கம் மாட்டினால் எல்லா கியரும் தலைகீழாகிவிடும். இந்தக் காரில் அது இரண்டு பக்கமும் உட்காருகிறது.

“அப்போ மாத்தி மாட்டிட்டீங்களா பாய்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்று தோன்றியது.

“எப்படிக் கழட்டினேனோ அப்படியேதான்க்கா மாட்டினேன். போட்டோகூட கீது.”

போனை எடுத்துக் காட்டினார். படத்தில் கிரவுன் வீல் தெளிவாக இருந்தது. ஆனால் அது உட்காரும் இரும்புப் பெட்டி மேசையில் எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தது என்று தெரியவில்லை. மூவரும் மாறி மாறிப் போனைத் திருப்பிப் பார்த்தோம். பற்களில் தேய்மானம் பார்க்கலாம் என்றால், அதிகம் ஓடாத வண்டி, எல்லாப் பல்லும் புதிது மாதிரி இருந்தது.

அப்படியானால் செய்தவரே தப்பாக மாட்டினாரா? அதனால்தான் வண்டி அப்படியே நின்றுபோனதா? இது என்னை மிகவும் படுத்தியது. எங்கள் செக்‌ஷனில் சாம்பிளில் தப்பு இருந்தால் திருத்த மாட்டோம். தப்போடு சீல் போட்டு அலமாரியில் வைப்போம், அடுத்த ஜோடியில்தான் திருத்துவோம். இதற்கு அடுத்த ஜோடி கிடையாது. தப்பு காரைச் செய்தவருடையது என்றால் அதைத் தொட எனக்கு என்ன உரிமை? தப்பு பாயுடையது என்றால் உடனே மாற்ற வேண்டும். யாருடையது என்று தெரியாமல் என்ன செய்வது?

தோல் கம்பெனிப் பேரனிடம் கேட்டேன். இன்ஜினியரின் தங்கை வாலாஜாபேட்டையில் இருப்பதாகச் சொன்னார். ரிட்டயர்டு டீச்சர். என் கணவரும் நானும் போனோம். கார் இன்னும் இருக்கிறது என்றதும் டீச்சர் எழுந்து உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

“நான் அதுல போயிருக்கேம்மா. அஞ்சாங்கிளாஸ் படிச்சேன். ரெண்டு மூணு தடவை அண்ணன் கூட்டிட்டுப் போனான்.”

“வண்டி எந்தப் பக்கம் போச்சு டீச்சர்?”

கேள்வியே அபத்தமாகத்தான் இருந்தது. அவர் யோசித்தார். “பின் சீட்டுல உக்காந்திருந்தேன். மரமெல்லாம் என்னை விட்டு ஓடிச்சு. எல்லாமே சின்னதா ஆகிக்கிட்டே போச்சு. அது ஞாபகம் இருக்கு.”

திரும்பி வரும்போது என் கணவர் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு விளக்கினார். “மரம் உன்னை விட்டு ஓடுதுன்னா ரெண்டுல ஒண்ணு. வண்டி பின்னால போயிருக்கணும். இல்ல, சீட்டு பின்பக்கம் பாத்துத் திரும்பி இருந்திருக்கணும்.”

“சீட்டா?”

“சீட்டு திரும்பி இருந்தா வண்டி சரியாத்தான் போயிருக்கு. அப்போ தப்பு பாயோடது.”

மறுநாள் வேலை முடிந்து பாயின் பட்டறைக்குப் போனபோது அவர் இல்லை. அங்கே வைத்திருந்த பழைய பின் சீட்டு உறையை விரித்துப் பார்த்தேன். சாய்மானத்தின் பின்புறத் தோல் வெயிலில் வெளுத்திருந்தது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த சீட்டில் அந்த இடத்தில் வெயில் விழ வழியில்லை. திரும்பித்தான் இருந்திருக்கிறது. பாயிடம் எப்படிச் சொல்வது என்று மனம் கலங்கிப்போனது. ஒன்றரை வருடம் சலிக்காமல் உழைத்த மனிதர். பிறகு காருக்குள் குனிந்து தரையில் இருந்த சீட்டின் போல்ட் துளைகளைப் பார்த்தேன். இரண்டு வரிசைத் துளைகள் இருந்தன. ஒன்று முன்பக்கம் பார்க்க, ஒன்று பின்பக்கம் பார்க்க. இரண்டிலும் போல்ட் அழுத்திய தடம். டீச்சர் போன அன்று சீட்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று சொல்ல முடியாது, நான் கண்டுபிடித்தது அதோடு ஒன்றுமில்லாமல் போனது.

டீச்சருக்குப் போன் செய்தேன்.

“ஆமாம்மா, சீட்டைத் திருப்பிப் போட்டான். மொத தடவை நான் வாந்தி எடுத்துட்டேன். அதுக்கப்புறம்தான் திருப்பினான்.”

“எந்தப் பக்கத்துலேருந்து எந்தப் பக்கம்?”

“அது தெரியலையேம்மா.”

இதற்கு நடுவில் பாய் என் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார். மூன்று வாரம் பார்த்துவிட்டு நேரிலேயே போனேன். யாருடைய ஆட்டோவுக்கோ அடியில் படுத்திருந்தார். வெளியே வராமலே பேசினார்.

“நீங்க இன்னாக்கா நினைக்கிறீங்க? நான் மாத்திட்டேன்னா?”

“தெரியல பாய். சத்தியமா தெரியல.”

“எனக்கும் தெரியலக்கா,” என்றார். “மொதல்ல நிச்சயமாச் சொன்னேன். இப்போ படுத்தா, எழுந்தா அதேதான். கழட்டும்போது கை எந்தப் பக்கம் போச்சுன்னு யோசிச்சு யோசிச்சு, இப்போ ரெண்டு பக்கமும் போன மாதிரி இருக்குது. பேஜாரா கீது.”

வெளியே வந்தார். டீ வாங்கினார். நடந்ததையெல்லாம் சொன்னேன், வெளுத்த தோலையும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை. “டீச்சரையே கேளுங்கக்கா. அவங்க சொன்னா மாத்திடறேன்,” என்றார்.

அங்கிருந்தே டீச்சருக்குப் பேசினேன். மாற்றலாமா, அப்படியே விடலாமா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். “கார்னா முன்னாடி போகத்தானம்மா செஞ்சிருப்பான்?” என்றார்.

பாய் அந்த வாரமே பெட்டியைத் திறந்து கிரவுன் வீலைத் திருப்பி மாட்டினார். இந்த முறை திறப்பதற்கு முன்பே, ஒவ்வொரு பக்கத்திலும் இடது, வலது என்று பெயிண்ட்டில் எழுதிவிட்டார்.

அடுத்த ஞாயிறு டீச்சர் ஆம்பூருக்கு வந்தார். எங்கள் கம்பெனியில் அனுமதி வாங்கி, லாரிகள் நிற்கும் காலி இடத்துக்கு காரைக் கொண்டு போயிருந்தோம். பின் சீட்டை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்று முடிவெடுக்க முடியாமல் அதை மாட்டாமலே வைத்திருந்தேன். டீச்சரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“நான் முன்னாடிதாம்மா உக்காருவேன். எனக்கு வாந்தி வரும்,” என்றார்.

நான் ஓட்டினேன். கார் நான்கு கியரிலும் முன்னால் போனது. பாய் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்து நின்றுவிட்டார். டீச்சர் ஜன்னல் ஓரத்தைக் கையால் பிடித்தபடி மதில் சுவரையும் வேப்ப மரங்களையும் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு சுற்று முடிந்ததும், “கொஞ்சம் ரிவர்ஸ்ல போம்மா” என்றார்.

போனேன். மரங்கள் எங்களை விட்டு விலகிச் சின்னதாகிக்கொண்டே போயின. நிறுத்தினேன்.

“இது இல்லம்மா,” என்றார். பிறகு, “முன்னாடி போனதும் அது இல்ல,” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் எப்படிச் சிரிப்பான் என்று சொல்ல ஆரம்பித்தார். மதியம் வரை காரை விட்டு இறங்காமல் அவனைப் பற்றியே பேசினார். நானும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சென்னையில் பழைய கார்களை வைத்து நடத்தும் ஒரு கண்காட்சிக்கு என் கணவர் விண்ணப்பம் வாங்கி வந்தார். காரைச் செய்த கம்பெனியின் பெயர் என்ற இடத்தில் டீச்சரின் அண்ணன் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி. வண்டி முதலில் செய்யப்பட்ட நிலையிலேயே இருக்கிறதா, மாற்றப்பட்டதா? இரண்டு கட்டம், ஒன்றில் டிக் செய்ய வேண்டும். பாயிடம் எடுத்துப் போய்க் காட்டினேன்.

“ரெண்டுலயும் போடுங்கக்கா,” என்றார்.

அப்படிப் போட்டால் ஏற்றுக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அனுப்ப இன்னும் பத்து நாள் இருக்கிறது.