சவரிமுத்து அண்ணையின் ரைமிங் லைற்

நான் சொன்னது சொன்னபடியே நடந்துவிட்டது. கொக்குவிலில் சைக்கிளை நிறுத்திய நம்மூர் ஆள், "உங்கடை கராஜ் சவரிமுத்து அண்ணை செத்துப்போனார், பொம்மர் குண்டு போட்டது" என்றதுமே மிச்சத்தை நானே சொல்லி முடித்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டு இருந்திருக்கும், பிளேன் வந்த சத்தம் கேட்டிராது, தலை கார்ப் பொனற்றுக்குள் இருந்திருக்கும். அப்படியேதானாம். "உமக்குச் சாவு பொனற்றுக்குள்ளைதான் அண்ணை" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவன் உலகத்தில் நான் ஒருவன்தான். "அப்ப பெட்டிக்கு மூடியா அந்தப் பொனற்றையே போடுங்கோடா" என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்டவன். ஆனாலும் அவரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை.

மடத்துவெளிக் கராஜில் அவர் எறியாத சாமான் கிடையாது. ஒருநாள் ஒரு டிறைவர், "ரைமிங் பாக்க லைற் எதுக்கு, காதாலை கேட்டே வைக்கலாம்" என்றான். அண்ணை ஓடி நின்ற காரிலிருந்து பிளக்கைக் கழற்றி, கொதிக்கக் கொதிக்க அவன் உள்ளங்கையில் வைத்துப் பொத்தினார். "இப்ப காதாலை கேட்டுச் சொல்லு, எங்கை சுடுது?" அவன் போட்ட சத்தம் நயினாதீவுக்குக் கேட்டது.

அந்த லைற் பார்வைக்குப் பிஸ்ரல் மாதிரி. அதன் வயரை முதல் பிளக்கில் கொழுவினால், பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு முறையும் பளிச்சென்று மின்னும். எஞ்சினின் முன்னால் சுழலும் சில்லில் போட்ட சுண்ணாம்புக் கோடு அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும். கோடு நிற்கும் இடத்தைப் பார்த்து, பொறி விழும் நேரத்தைத் திருத்துவார். பெற்றோல் இல்லாமல் கார்களெல்லாம் மண்ணெண்ணெய் குடித்த காலம் அது. பெற்றோலுக்கு வைத்த நேரம் மண்ணெண்ணெய்க்குச் சரிவராது. "நெருப்பு முந்தினாலும் உதைக்கும், பிந்தினாலும் உதைக்கும். என்னைப் போலை" என்பார்.

அந்தக் காலத்தில் ஒருநாள் காலை ஹெலிகொப்டர் கிணற்றடியில் சுட்டது. இரண்டு பேர் வாளிக் கயிற்றோடு விழுந்தார்கள், பிறகு எழும்பவில்லை. தண்ணி அள்ள வந்த மகேசுவின் தொடையைச் சன்னம் பிய்த்துக்கொண்டு போனது. கதவொன்றைக் கழற்றி அவளை வளர்த்தி, தனி ஆளாக (மற்றவர்கள் சும்மா கை வைத்தார்கள்) நான் கராஜுக்குத் தூக்கி வந்தேன். அங்கே நின்றது ஒரேயொரு கார். அதுவும் இடித்து இடித்து நின்றுபோகிற கார். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் பாலத்தால் போகவேண்டும். நடுப்பாலத்தில் நின்றால் மேலிருப்பவனுக்கு நாங்கள் கோழிக்குஞ்சு.

அண்ணை பொனற்றைத் திறந்து லைற்றைக் கொழுவினார், வெயிலில் சுண்ணாம்புக் கோடு தெரியவில்லை. "திரேசு! உன்ரை கறுப்புச் சீலையைக் கொண்டா!"

"பெரிய வெள்ளிக்கு உடுக்கிற சீலை. எண்ணெய் பட்டால் உம்மை அதிலையே சுத்தித் தாட்டுப்போடுவன்!" என்று ஏசிக்கொண்டே அவர் மனுசி திரேசக்கா ஓடிவந்து அவரையும் எஞ்சினையும் சேர்த்துப் போர்த்தினார். சீலைக்குள்ளே வெளிச்சம் பளிச் பளிச்சென்று வெட்டியது. ஹெலி பனை வட்டில் முட்டுமாப்போல் தாழப் பறந்து திரும்பி வந்தது.

"லைற்றை நூரும் அண்ணை, வெளிச்சம் வேண்டாம்! துவக்கு வெடிக்கிறதெண்டு நினைச்சு அடிக்கப்போறான்!" என்று கத்தியபடி ஒருவன் பாய்ந்து லைற்றைப் பறித்தான். பெயர் வேண்டாம், பிள்ளை குட்டிக்காரன். அண்ணை ஸ்பனரால் அவன் வாயில் ஒன்று வைத்தார். பல் தெறித்தது.

"உனக்கோ லைற் பிடிக்கிறன்? அவளுக்கடா!"

அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் குந்தியிருந்தவன் நான். ஹெலி சுட்ட சூட்டில் மதில் உதிர்ந்தது. தார்ப் பீப்பா வெடித்தது. அண்ணை தலை நிமிரவில்லை. ஏதோ ஒன்றைத் தடவித் தடவித் திருப்பினார். இடி நின்று எஞ்சின் சீராக இரைந்தது. "ஏத்துங்கோ!" என்றவர் தானே ஓட்டிப் பாலத்தைக் கடந்தார். மகேசு இன்றைக்கும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். ஆனால் நடக்கிறாள்.

இதை வாசித்து மடத்துவெளிச் சனம் சிரிக்க முன்னம் ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். லைற்றைப் பறித்தவன் நான். என் முதுகில் குந்தியிருந்தது திரேசக்கா. அண்ணை நினைவாக என்னிடம் இருப்பது மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத இடம். கட்டுப்பல் வைக்கச் சொல்லி என் மனுசி கரைச்சல் தருகிறாள். நான் வைக்கமாட்டேன்.