திரும்பி வரவேண்டிய கட்டி

என் வீட்டுக்காரர் பாம்பனில் விசைப்படகு டிரைவர். தலைவலியும் வாந்தியுமாக அவதிப்பட்டவர், ஒருநாள் கரை திரும்பும்போது படகை நடுக்கடல் பக்கமே திருப்பிவிட்டார். மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். மூளைக்குள் நீர் ஊறும் அறையில் கட்டி என்றார்கள். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அதுவரை வீக்கம் குறைய ஊரில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார்.

மாத்திரை உள்ளே போனதும் எழுந்து உட்கார்ந்து நண்டுக் குழம்பு கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நேர்ந்துகொண்டபடி மொட்டை போட்டார். சந்தனம் பூசிய தலையோடுதான் மதுரைக்குப் போனோம்.

மறுபடி ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா முகத்தில் சந்தோஷமே இல்லை. கட்டியைக் காணவில்லையாம்.

“நல்லதுதான டாக்டரம்மா?”

“மாத்திரை கரைச்சிருக்கும்மா. லிம்போமாங்கிற புற்றுநோய்னா இப்படித்தான் கரையும், ஆனா திரும்ப வந்துரும். துளி சதை எடுத்துப் பார்த்து உறுதியானாத்தான் கீமோ கொடுக்கலாம். இப்ப எடுக்க அங்க ஒண்ணுமில்ல. மாத்திரையைக் குறைச்சு நிறுத்திட்டுக் காத்திருக்கணும்.”

“எதுக்கு?”

“அது வர்றதுக்கு.”

குணமாக்கு என்று கும்பிட்ட சாமியிடமே போய், நோயைக் கொடு என்று கேட்பதா? கோபம் கோபமாக வந்தது. யார் மேல் காட்டுவது?

அவரோ, “எனக்கு ஒண்ணுமில்ல, கடலுக்குப் போறேன்” என்று குதித்தார். நான் விடவில்லை. ஞாபகம் பிசகுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் தினமும் டீ கொடுக்கும்போது கேட்பேன்: “வடகடல்ல இருந்து கரைக்கு வாரப்ப பாலம் எந்தப் பக்கம்?”

“சோத்துக்கைப் பக்கம். எனக்கே பரீட்சையா புள்ள?” என்று சிரிப்பார். அப்பாடா என்றிருக்கும். உடனே, இன்னும் எத்தனை நாள் இப்படி என்று எரிச்சலும் வரும். அந்த எரிச்சலை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கும்.

தலையில் முடி சீப்புக்கு அகப்படும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரு காலையில் கேட்டேன். டீயைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“எந்தப் பாலம்?” என்றார்.

அழுதுகொண்டேதான் மதுரைக்குப் போன் செய்தேன். “டாக்டரம்மா, இனி எடுக்கலாம்” என்று சொல்லும்போது, பாவி, என் குரலில் நிம்மதி இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் தலையை மழிக்க ஆள் வந்தார். கத்தியைப் பார்த்ததும் இவர் கை கூப்பி, கோயிலில் குனிந்த மாதிரியே குனிந்து கொடுத்தார். பாதி மழித்திருக்கும்போது என் பக்கம் திரும்பினார்.

“எனக்குக் குணமாயிருச்சா புள்ள?”